ஒரு சாண் தண்டவாளம்

கார்கோ பெட்டி வந்தால் அன்றைக்கே பிரித்து, அன்றைக்கே பங்கு வைத்து, அன்றைக்கே கொடுத்து முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சித்திக்காவுக்குச் சோறு இறங்காது. ஷார்ஜாவில் ஒரு குடோனில் வேலை பார்க்கும் அவள் கணவர் நாகூர் மீரான், கல்யாணமான வருஷத்திலிருந்து பெட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார். இவளும் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நாத்தனார் வீடு, கொழுந்தன் வீடு, எதிர்வீடு, வருஷா வருஷம் அரிசி கொண்டுவந்து போடும் சுரக்குடி காசியம்மா, மாடி அறைக்குக் கரண்ட் வேலை செய்த நெரவி யேசுராஜ் என்று ஒருத்தரையும் விடமாட்டாள். சோப்பு, பாதாம், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில், எதுவானாலும் வீட்டுக்கு ஒன்று. கொடுத்து முடித்தபின் மிஞ்சுவது அட்டையும் கயிறும்தான். அந்த அட்டையையும் யாராவது கேட்டால் மடித்துக் கொடுத்துவிடுவாள்.

இந்தத் தடவை வந்தது கடைசிப் பெட்டி. மனிதர் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம். அதனால் ஒன்றுக்கு நான்கு பெட்டியாக வந்து கூடத்தை அடைத்துக்கொண்டது. மூன்று பெட்டிகளில் வழக்கமான சாமான். நான்காவது மட்டும் சின்னப்பிள்ளை படுத்துக்கொள்ளும் நீளம். பிரித்தால் உள்ளே பழுப்பும் கறுப்புமாக, கை நீளத்துக்கு என்னவோ கட்டுக்கட்டாக இருந்தது. அடியில் வரிசையாகக் குச்சி குச்சியாய் பிளாஸ்டிக், அதன்மேல் ஓடும் இரண்டு மெல்லிய கம்பி.

பிரிக்கிற நேரத்தில் சலோமி இல்லாமல் இருப்பாளா? பக்கத்துத் தெருக்காரி. சித்திக்காவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். ஸ்கூட்டியும் வாயும் ஒரே வேகம்.

“என்னடி இது, ஏணியா?” என்றாள் சலோமி.

“இம்மாந்துண்டு ஏணியில யாருடி ஏறுவா?”

“அப்ப ஜன்னலுக்குத் திரை மாட்டுற கம்பி.”

“கம்பின்னா இப்படி வளையுமா? இங்க பாரு, பாம்பு மாதிரி நெளியுது.”

பெட்டியின்மேல் எழுதியிருந்தது ஜெர்மன் எழுத்து. படமும் கிடையாது. இருவரும் உருட்டிப் புரட்டி, முகர்ந்துகூடப் பார்த்தார்கள். கடைசியில் சித்திக்கா தீர்ப்பு சொன்னாள்.

“மச்சான் அனுப்புனது. ஒண்ணுக்கும் ஆவாத சாமானா இருக்காது. வீட்டுக்கு ஒண்ணு கொடுத்துடுவோம். அவங்கவங்களுக்கு எது தோதோ அதுக்கு வச்சுக்கட்டும்.”

எண்ணிப் பார்த்தால் கொடுக்கவேண்டிய வீடுகளுக்குச் சரியாக இருந்தது. அல்லாவே அளந்து அனுப்பியது போலச் சித்திக்காவுக்குப் பட்டது. தனக்கு ஒன்று என்று எடுத்து வைக்கவில்லை. அந்தப் பழக்கம் அவளுக்கு எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை. பொழுது சாய்வதற்குள் சோப்போடும் பாதாமோடும் சேர்ந்து அந்தப் பெயர் தெரியாத சாமானும் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டும்போது மீரானிடமிருந்து போன் வந்தது.

“சித்திக்கா, நீளமா ஒரு பெட்டி வந்துருக்குமே.”

“வந்துச்சு மச்சான்.”

“அதைப் பிரிக்கலியே?”

அந்தக் குரலில் ஒரு தினுசான கூச்சம் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தண்ணீர் கேட்டாரே, அந்தக் குரல்.

“ஏன் மச்சான், அதுல என்ன?”

“ஒண்ணும் பெருசா இல்ல. தண்டவாளம்.”

“என்னது?”

“தண்டவாளம் புள்ள. ரயில் ஓடுமே, அது. சின்னது. சிரிக்காதே. பேத்திக்கு வாங்குனதுன்னு சொல்லிடலாம்னுதான் பார்த்தேன். பொய் எதுக்கு? எனக்குத்தான் வாங்குனேன். மாடி ரூமுல நம்ம பழைய லைனைப் போடப்போறேன். பேரளத்துலேர்ந்து திருநள்ளாறு வழியா காரைக்காலுக்கு வருமே, நான் படிக்கிற காலத்துல, அந்தச் சின்ன லைன்.”

“இப்பதான் புதுசா பெரிய லைனே போட்டுட்டாங்களே. ஸ்டேசனுக்குப் போயி நின்னா நெசத்தையே பார்க்கலாமே மச்சான்.”

“அதைப் பார்க்கலாம். வீட்டுல வைக்க முடியுமா? பெரிய லைனுக்குச் சரியான அகலத்துல கடையில தண்டவாளம் கெடைக்காது. இருக்கறதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரு அகலம். அதுமேல நம்ம வண்டிய வச்சா, பெரிய மனுசன் சின்னப்பய கால்சட்டைய மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். நம்ம சின்ன லைனு மீட்டர்கேஜு, அதுக்குத்தான் அளவெடுத்துச் செய்யறான். பன்னெண்டு மில்லி அகலம்.”

பிறகு மனிதர் பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. இத்தனை வருஷமும் போன் என்றால் பணம் வந்துச்சா, உடம்புக்கு எப்படி, கரண்ட் பில் கட்டியாச்சா, சரி வச்சிடுறேன், அவ்வளவுதான். இன்றைக்கு மடை திறந்துகொண்டது. ஒரு கம்பெனி தண்டவாளத்தில் கம்பி உயரமாம். அதை நிஜ அளவுக்குக் கணக்குப் போட்டால் முழங்கால் தட்டுமாம். இன்னொரு கம்பெனியில் கம்பி சரி, அதற்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகள் நெருக்கமாம். மூன்றாவதில் எல்லாக் கட்டையும் ஒன்றுபோல வழவழவென்று சீப்புப் பல் மாதிரியாம். இது ஒன்றில்தான் கட்டைக்குக் கட்டை மர ரேகை வேறே, வெடிப்பு வேறே, சிலது லேசாகக் கோணிக்கொண்டு நிற்குமாம்.

“கடைக்காரன்ட்ட ஒரு சாண் மாதிரித் துண்டு மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு வருசக்கணக்கா யோசிச்சேன் சித்திக்கா. தலைமாட்டுலயே கெடக்கும். வெள்ளிக்கிழமை லீவுல எடுத்துப் பார்ப்பேன். மேல இருந்து பார்க்கக் கூடாது, தெரியுமா? கன்னத்தைக் கீழ வச்சு, கண்ணு தண்டவாள மட்டத்துக்கு வரணும். அப்பதான் எது நெசம், எது பொம்மைன்னு தெரியும். இப்ப அந்தக் கம்பெனி இதைச் செய்யறதையே நிறுத்திட்டான். அதான் கடையில மிச்சம் கெடந்ததையெல்லாம் அள்ளிட்டேன். இஞ்சினும் பெட்டியும் கையோட கொண்டாறேன். பத்திரமா இருக்குல்ல?”

“இருக்கு மச்சான்” என்றாள் சித்திக்கா. “தொடவே இல்லை.”

போனை வைத்ததும் சுருட்டிய பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த மனிதர் தனக்கென்று எதையாவது வாங்கி அவள் பார்த்திருக்கிறாளா? போன தடவை வந்தபோதும் அறுந்து தைத்த செருப்புதான். ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கினாரே என்று பார்த்தால், அது கொழுந்தன் மகனுக்கு. வாழ்நாளில் முதன்முதலாக ஒரு பெட்டி தனக்கு என்று ஆசைப்பட்டு அனுப்பியிருக்கிறார். அதை இவள் சோப்போடு சேர்த்துத் தானம் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சித்திக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சலோமி வந்து முழுக்கதையும் கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் நெஞ்சில் கைவைத்தாள்.

“ஐயோ மாதாவே! நான் அதை அடுப்பு மேடையில போட்டு, சுடச்சுடக் குக்கரை எறக்கி வச்சேன்டி. நடுவுல இளகிப்போச்சு.”

“எவ்வளவு?”

“ஒரு சாண் இருக்கும். ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு” என்றாள் சலோமி, ரெண்டு பக்கமும் நல்லா இருப்பது தன் புண்ணியம் என்பதுபோல.

இளகினது போகட்டும். மற்றதை எப்படித் திரும்ப வாங்குவது? அங்கேதான் சித்திக்காவுக்குக் கால் நகரவில்லை. கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்கிற வீடு என்று ஒரு பேர் வந்துவிட்டால், பேத்தி கல்யாணம் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதுவும் நாத்தனார் உம்மு சல்மா இருக்கிறாளே, மீரானுக்கு மூத்தவள், குடும்பத்துக்கே ஹைகோர்ட். அவளிடம் போய் என்னவென்று கேட்பது?

மண்டையைக் குடைந்து சித்திக்கா ஒரு பொய்யைப் பிடித்தாள். அதைச் சொல்வதற்கு முன் சலோமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“லாத்தா, நான் குடுத்த அந்த நீளச் சாமான் இருக்குல்ல, அதுல ஏதோ மருந்து பூசியிருக்காம். கைபட்டா அரிக்குமாம். கம்பெனிக்காரன் திருப்பிக் கேக்குறான். தொடாதீங்க, நான் வந்து எடுத்துக்குறேன்” என்று நாத்தனாருக்குப் போனில் சொல்லிவிட்டுச் சலோமியின் ஸ்கூட்டியில் ஏறினாள்.

பாரதியார் வீதியைத் தாண்டி இவர்கள் போய் இறங்குவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. உம்மு சல்மா அந்தச் சாமானை மக்கா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரிக்குள் கம்பீரமாக நிறுத்தி வைத்திருந்தாளாம். போன் வந்ததும் இடுக்கியால் பிடித்து, தெருவில் வந்த குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். போட்டதோடு விட்டாளா? எல்லா வீட்டுக்கும் போன் செய்து எச்சரிக்கை பண்ணிவிட்டாள்.

“வா, வந்து பாரு!” என்று முழங்கையை நீட்டினாள். “எப்படித் தடிச்சிருக்கு பாரு! முதுகெல்லாம் பிடுங்குது. உன் கொழுந்தன் சின்னவன் வீட்டுல எல்லாரும் வேப்பிலைத் தண்ணியில குளிக்கிறாங்களாம். எல்லாத்தையும் குப்பையில போடச் சொல்லிட்டேன். பெரிய வெளிநாட்டுச் சாமான்!”

சித்திக்காவுக்குத் தலை கிறுகிறுத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மீரானுடைய ரயில் பாதை மொத்தமும் குப்பை வண்டி ஏறிவிடும். வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று வாயைத் திறந்துவிட்டாள்.

“லாத்தா, மருந்தும் இல்ல, அரிப்பும் இல்ல. நான் சொன்னது பச்சைப் பொய்.”

“பொய்யா? அப்ப இந்தத் தடிப்பு?”

“அது நீங்க சொறிஞ்சதால வந்தது லாத்தா.”

சலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்க, அது இருமலாக வந்தது. உம்மு சல்மா சொறிவதை நிறுத்தினாள். சித்திக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். தண்டவாளம், மாடி ரூம், தலைமாட்டில் கிடந்த ஒரு சாண் துண்டு, வெள்ளிக்கிழமை லீவு, எல்லாவற்றையும்.

“உங்க தம்பி தனக்குன்னு வாங்குன மொத சாமான் லாத்தா. அதை நான் கேக்காமக் கொள்ளாம ஊருக்கு வாரி எறைச்சுட்டேன். வந்து பெட்டியத் தொறந்து பார்த்தா என்ன சொல்லுவேன்?”

உம்மு சல்மா நீட்டிய முழங்கையை மடக்கி, முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“போன தடவை வந்தப்போ பனியன்ல இவ்ளோ பெரிய ஓட்டை” என்றாள் மெதுவாக. “வேற வாங்கிக்கடான்னேன். வாங்கிக்கலாம் லாத்தான்னான். எனக்கு மட்டும் மூணு சேலை எடுத்துக் குடுத்துட்டுப் போனான்.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவ்வளவுதான், ஹைகோர்ட் கூடிவிட்டது.

“யாருடி அது, சின்னவன் பொண்டாட்டியா? குப்பையில போட்டுட்டியா? போடலையா? போட்டே, தொலைச்சுப்புடுவேன்! ஆமா, நான்தான் போடச் சொன்னேன், இப்ப நான்தான் வேணாங்குறேன். அரிக்காது. அரிச்சாலும் பரவாயில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறாள்னு சித்திக்காவைச் சொல்லாதே. அவ கேக்கல, நான் கேக்குறேன்!”

எல்லா வீடுகளுக்கும் இதே பாட்டு. ஆளாளுக்கு வேப்பிலை வாசத்தோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். கொழுந்தன் வீட்டுத் துண்டில் ஒட்டடை ஒட்டியிருந்தது. எதிர்வீட்டில் அதை வாசலில் போட்டு, செருப்பு மண்ணைத் தேய்த்து உதறும் கம்பியாக்கியிருந்தார்கள். நல்ல மூளைதான்.

போனில் சிக்காதது இரண்டு பேர். நெரவிக்குப் போனால், யேசுராஜ் அதைச் சுவரில் அறைந்து, கட்டைக்குக் கட்டை இடைவெளியில் ஸ்க்ரூ டிரைவர்களை வரிசையாகச் சொருகி வைத்திருந்தான்.

“அக்கா, என் வாழ்க்கையில ஸ்க்ரூ டிரைவர் தேடாம கெடைச்சது இந்த ரெண்டு நாள்தான்” என்று சொல்லிக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். சங்கதியைக் கேட்டதும், வயர் இழுக்க நானே வருகிறேன், என்னைத் தவிர வேறு யாரையும் கூப்பிட்டால் கோபம் வரும் என்று சொல்லி அனுப்பினான்.

சுரக்குடியில் காசியம்மா கோழிக்கூண்டு வாசலில் அதைச் சாய்த்து வைத்திருந்தாள். குஞ்சுகள் கட்டை கட்டையாகக் கால் வைத்து ஏறி உள்ளே போய்க்கொண்டிருந்தன. பார்க்கவே அவ்வளவு அழகு.

“மூங்கில்ல வச்சேன், ஏறல பாயம்மா. இதுல பாருங்க, மாடிப்படி ஏறுற மாதிரி போவுதுங்க” என்றாள் காசியம்மா பெருமையாக.

“ஏணின்னு நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?” என்று சலோமி சித்திக்காவை இடித்தாள்.

தம்ரூட் இனிப்பு ஒரு டப்பா நிறையக் கொடுத்து, வேறு ஏணி செய்து தருகிறோம் என்று சத்தியம் பண்ணி, குஞ்சுகள் எல்லாம் உள்ளே போகும்வரை காத்திருந்து எடுத்து வந்தார்கள். தாய்க்கோழி வாய்க்கால் வரைக்கும் ஸ்கூட்டியைத் திட்டிக்கொண்டே ஓடி வந்தது.

வீட்டுக்கு வந்து கூடத்தில் பரப்பினால், குறைவது ஒன்றேகால். குப்பை வண்டியோடு போனது ஒன்று. சலோமியின் குக்கர் தின்றது ஒரு சாண். மீரான் வர இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

“புதுசு வாங்கிப் போட்டுடுவோம்” என்றாள் சலோமி. போனில் தேடோ தேடென்று தேடி, ரயில் பொம்மைச் சாமான் விற்கிற ஒரு சென்னைக் கடையைப் பிடித்தாள். கடைக்காரர் பெயர் பஞ்சநாதன். பேச்சைக் கேட்டால் அவசரமே தெரியாதவர்.

“என்ன அகலம் வேணும்மா?”

“பன்னெண்டு மில்லி. மீட்டர்கேஜு” என்றாள் சித்திக்கா.

“பரவாயில்லையே! கேக்குறவங்க எல்லாம் குழந்தைக்கு ஒரு ரயிலுன்னுதான் கேப்பாங்க. மரக்கட்டையா, கான்கிரீட்டா?”

“மரக்கட்டை. கம்பி உயரமா இருக்கக் கூடாது, முழங்கால் தட்டும்.”

பஞ்சநாதன் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு வகை இருக்கிறது, வீடியோவில் காட்டுகிறேன் என்றார். ஒன்று மூட்டையாகக் கிடந்தது. இன்னொன்று, யாரோ ஒரு வாடிக்கையாளர் சொல்லி வைத்து வாங்காமல் விட்டதாம், ஒரே ஒரு துண்டு. இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் பழுப்பு, இரண்டும் அதே அகலம்.

“ரெண்டும் ஒண்ணுதானேடி. மூட்டையில இருக்கறதுலயே ரெண்டை அனுப்பச் சொல்லு, வேலை முடிஞ்சுது” என்றாள் சலோமி.

“அண்ணே, போனைக் கொஞ்சம் கீழ எறக்குங்க” என்றாள் சித்திக்கா. “இன்னும் கீழ. மேஜையிலேயே வைங்க. கண்ணு தண்டவாளத்துக்கு நேரா வர்ற மாதிரி.”

வைத்தார். போனுக்குள் இரண்டு பாதைகள் தூரத்துக்கு ஓடின. சித்திக்கா கூடத்துத் தரையில் கன்னத்தை வைத்து, தங்களிடம் இருந்த துண்டை ஒரு கண்ணாலும் போனை ஒரு கண்ணாலும் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னிருந்து ஜாக்கெட் தைக்கிறவள். எங்கே நூல் தப்பியிருக்கிறது என்று அவள் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? மூட்டைச் சரக்கில் கட்டைகள் ஒரே சீராக, அச்சடித்து வைத்த மாதிரி ஓடின. ஒற்றைத் துண்டில் ஒரு கட்டை கொஞ்சம் முன்னே, ஒன்று கொஞ்சம் கோணல், ஒன்றின் ஓரம் தேய்ந்திருந்தது.

“அது மிஷின் தையல். இது கைத்தையல்” என்றாள். “எனக்குக் கைத்தையல்தான் வேணும். அந்த ஒண்ணை அனுப்புங்க.”

“அப்ப மிச்சம் ஒரு சாண்?” என்று சலோமி பதறினாள். “ஓட்டை விழுமேடி! மிஷின் தையல்லயே ஒரு சாண் வெட்டி நடுவுல ஒட்டிட்டா எந்தக் கண்ணுக்குத் தெரியப்போவுது?”

“அவங்க கண்ணுக்குத் தெரியும். வருசக்கணக்கா பார்த்துப் பார்த்து வாங்குனது. அதுல போயி போலியைக் கலக்க மாட்டேன். ஓட்டையே இருக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்.”

“உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரும்மா” என்றார் பஞ்சநாதன். மறுநாள் பஸ்ஸில் பார்சல் வந்தது. பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கிக்கொண்டபோது, தன் கையால் தெரிந்தெடுத்து வாங்கிய தண்டவாளம் என்று சித்திக்காவுக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீரான் வந்து இறங்கினார். குளித்து, சாப்பிட்டு, பேத்தியைக் கொஞ்சி, எல்லாம் ஆன பிறகு ஒன்றும் அவசரமில்லாதவர் போல நீளப் பெட்டியின் பக்கம் போனார். சித்திக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் துண்டை எடுத்தார். செம்மண் அப்பியிருந்தது. இரண்டாவதில் கோழி எச்சம். மூன்றாவதில் ஆணி அறைந்த துளை. நான்காவதை முகர்ந்து பார்த்தார்.

“சித்திக்கா, தண்டவாளத்துல ஏன் வேப்பிலை வாசம் அடிக்குது?”

அவள் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். சோப்பு, பாதாம், அரிப்பு, குப்பை வண்டி, குக்கர், கோழிக்குஞ்சு, கைத்தையல் வரைக்கும். மீரான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சித்திக்கா கிட்டே ஓடினாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார், சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வர.

கைப்பெட்டியைத் திறந்து சின்னச் சின்னப் புட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார். “இது என்ன தெரியுமா? துரு நெறம், மண்ணு நெறம், எண்ணெய்க் கறை நெறம். புதுத் தண்டவாளம் பளபளன்னு இருந்தா நெசம் மாதிரி இருக்காது. பழசாக்கறதுக்கு இதைத் தடவணும். எப்படித் தடவுறதுன்னு ரெண்டு வருசமா வீடியோ பார்த்துக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா ஒரு வாரத்துல ஊரை விட்டுத் தடவி வச்சிருக்கே!” தரையில் படுத்து, கன்னத்தை வைத்து, காசியம்மா வீட்டுத் துண்டை ஒரு கண்ணால் பார்த்தார். “யா அல்லா, திருநள்ளாறு தாண்டி வளையுற எடம் மாதிரியே இருக்கு. கோழி எச்சத்தைச் சொரண்டுறதோட சரி, வேற ஒண்ணையும் தொடைக்காதே.”

அதற்கப்புறம் ஒரு மாதம் மாடி அறையில் சுத்தியல் சத்தம்தான். யேசுராஜ் வயர் இழுத்தான். சித்திக்கா பச்சைத் துணி வெட்டி வயல் தைத்துக் கொடுத்தாள். கோழிக்குஞ்சு ஏணியை மீரானே மரத்தில் செய்து சுரக்குடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். தாய்க்கோழிக்கும் அத்தோடு கோபம் தீர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டார். உம்மு சல்மா, சலோமி, கொழுந்தன் குடும்பம், எதிர்வீடு, யேசுராஜ், கூடையோடு காசியம்மா. அறை கொள்ளவில்லை. பலகைமேல் பாதை வளைந்து வளைந்து ஓடியது. கடைசி வளைவில் மட்டும் ஒரு சாண் இடைவெளி.

“ஒரு சாண் பாக்கி வச்சுட்டா எங்களைக் கூப்பிட்டே?” என்று உம்மு சல்மா ஆரம்பித்தாள். சலோமி கூரையைப் பார்த்தாள்.

“இருங்க லாத்தா. இது உங்களோடது, சித்திக்கா சென்னையிலேர்ந்து வாங்குனது. இது சின்னவன் வீட்டுது. இது சுரக்குடி. இது நெரவி, துளையைப் பாருங்க. அது ரெண்டும் சலோமியோடது.” விரலால் தொட்டுக்கொண்டே வந்து இடைவெளிக்கு முன்னால் நிறுத்தினார். “சித்திக்கா, உன்னோடது எது?”

“எனக்குன்னு நான் எடுக்கலியே மச்சான்.”

“தெரியும்” என்றார் மீரான். சட்டைப் பையிலிருந்து, கைபட்டுக் கைபட்டு வழவழப்பான ஒரு சாண் துண்டை எடுத்தார். இத்தனை வருஷம் ஷார்ஜாவில் தலைமாட்டில் கிடந்த துண்டு. “இதை நீ போடு.”

சித்திக்கா துண்டை வாங்கி இடைவெளியில் வைத்தாள். ஊசி பிடித்த கை, முதல் தடவையிலேயே கம்பியோடு கம்பி சேர்ந்துவிட்டது. மீரான் குமிழைத் திருகினார். கறுப்பு இஞ்சின் நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு கிளம்பியது. அறையே ஒரு கத்துக் கத்தியது.

“எங்க வீட்டு மேல போவுது, எங்க வீட்டு மேல போவுது!” என்று கொழுந்தன் பெண்டாட்டி குதித்தாள்.

“டேய், என்னோடதுல ஒரு நிமிசம் நிறுத்துடா. அலமாரியில வச்சிருந்த மரியாதைக்காவது நிறுத்து” என்றாள் உம்மு சல்மா. நிறுத்தினார். பிறகு யார்தான் விடுவார்கள்? நெரவியில் நிறுத்தம், சுரக்குடியில் நிறுத்தம். செருப்பு தேய்த்த எதிர்வீட்டுக்காரர்களுக்கும் ஒரு நிறுத்தம். குக்கருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சலோமி இரண்டு கேட்டு வாங்கினாள். உலகத்திலேயே இவ்வளவு மெதுவாகப் போன ரயில் இருந்திருக்காது.

சித்திக்கா பலகையின் ஓரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கண் தண்டவாள மட்டத்துக்கு வந்தது. பொம்மையெல்லாம் காணாமல் போய், கோணல் கட்டைகள்மேல் ஒரு ரயில் கடைசி வளைவு திரும்பி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. மறுபக்கம், அதே மட்டத்தில், மீரானின் ஒற்றைக் கண் அவளைப் பார்த்துச் சிரித்தது.

“மச்சான்” என்றாள். “நம்ம வீடு வந்துருச்சு. நிறுத்துங்க.”

மீரான் நிறுத்தினார்.